இன்செர்ட் கீ எங்கே இருக்கிறது?

மடிக்கணினியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. உங்கள் நான்கு பேரில் யாரைக் கேட்டாலும் என்னைவிட அதிகம் சொல்வீர்கள். மாத்தளையில் இந்தக் கடையில் நான் இருபத்திரண்டு வருஷம் நின்றேன். நின்றேன் என்றுதான் சொல்ல வேண்டும், விற்பனைப் பகுதியில் எங்களுக்கு நாற்காலி போட்டதில்லை. போன வருஷம் ஓய்வு பெற்றேன். நம் முதலாளி, எல்லோரும் ஹாஜியார் என்று அழைப்பவர், நேற்று போன் எடுத்து, "மல்லிகா, புதுப் புள்ளைகளுக்கு எப்படி விக்கிறதெண்டு கொஞ்சம் சொல்லிட்டுப் போங்க" என்றார். நான் தப்பாக விற்ற ஒன்றைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். பயப்பட வேண்டாம், யாரும் அழுதுகொண்டு வீட்டுக்குப் போகவில்லை.

நாலைந்து வருஷத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை. ஒரு புருஷனும் பெண்சாதியும் வந்தார்கள். அவர் பெயர் சிவலிங்கம், இரத்தோட்டையில் முச்சக்கர வண்டி ஓட்டுகிறார். வீடு ரிவர்ஸ்டன் போகிற பாதையில், தேயிலைத் தோட்டத்துக்குப் பக்கத்தில். அவர் மனைவி கோகிலா. முப்பது வயதிருக்கும். கையில் மடிக்கிற வெள்ளைப் பிரம்பு. பன்னிரண்டு வயதில் வந்த காய்ச்சலில் இரண்டு கண்ணும் போய்விட்டது என்பது எனக்குப் பின்னால்தான் தெரியும்.

சிவலிங்கத்துக்கு வாயெல்லாம் பல். "மிஸ், இவளுக்குக் கொழும்புல ஒரு கம்பனியில டெஸ்ட் வச்சிருக்காங்க. சிங்களத்துல இருக்கிறதத் தமிழ்ல எழுதிக் குடுக்கிற வேல. பாஸாயிட்டா வீட்டுல இருந்தே செய்யலாம். நல்ல லெப்டொப்பா பாருங்க. ரெண்டரை லட்சம் வரைக்கும் போகலாம். சீட்டு எடுத்திருக்கேன்."

நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்தப் பெண்ணின் பிரம்பைப் பார்த்தேன். என்ன பேசுவது, எதைச் சொன்னால் மனம் நோகும் என்று தெரியவில்லை. அந்தக் கூச்சத்தில் புருஷன் பக்கமே திரும்பி நின்றுகொண்டேன். அப்போதுதான் வந்திருந்த ஒரு வெள்ளி நிற மடிக்கணினியை எடுத்தேன். மெல்லிசு, ஒரு கையால் தூக்கலாம். திரையின் வெளிச்சம் எவ்வளவு, நிறங்கள் எவ்வளவு, வெயிலில்கூட எப்படித் தெரியும் என்று இருபது நிமிஷம் விளக்கினேன். யோசித்துப் பாருங்கள், கண் தெரியாத ஒருவருக்கு வாங்க வந்தவரிடம் திரையைப் பற்றி இருபது நிமிஷம்! அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். அவருக்கு அந்த வெள்ளி நிறம் பிடித்துப்போயிற்று.

அந்த இருபது நிமிஷத்தில் கோகிலா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"மிஸ், இதுல இன்செர்ட் கீ எங்க இருக்கு?"

"அதெல்லாம் இப்ப யாரும் பாவிக்கிறதில்லம்மா," என்றேன்.

அவர் சிரித்தார். அதற்குப் பிறகு பேசவில்லை. நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். பில்லைப் புருஷன் பெயரில் போட்டு, பெட்டியைக் கட்டிக் கொடுத்து, வாசல் வரை வந்து வழியனுப்பினேன். நல்ல வியாபாரம் என்று எனக்குள் சந்தோஷம் வேறு.

வியாழக்கிழமை காலை கடை திறந்து கொஞ்ச நேரத்தில் கோகிலா தனியாக வந்தார். தோளில் துணிப்பை, அதற்குள் பெட்டி. பஸ்ஸில் வந்திருக்கிறார். இரத்தோட்டையில் ஒன்று மாறி, மாத்தளையில் இறங்கி, வழி கேட்டுக் கேட்டு நடந்து வந்திருக்கிறார்.

"மிஸ், நான் வந்தது அவங்களுக்குத் தெரியாது," என்றுதான் ஆரம்பித்தார்.

நான் என் வேலை வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வாடிக்கையாளருக்குக் கணக்கெழுதும் மேசையிலிருந்து நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் மடிக்கணினியை எடுத்துத் திறந்தார். கண் தெரியாதவர்களுக்கென்று, திரையில் இருப்பதையும் தட்டுகிற எழுத்தையும் குரலில் வாசித்துச் சொல்லும் ஒரு மென்பொருள் இருக்கிறது. இலவசமாகவே கிடைக்கிறது. அதை அவரே போட்டு வைத்திருந்தார். அந்தக் குரலை நிறுத்தவும், திரும்பச் சொல்ல வைக்கவும், எந்த வரியில் இருக்கிறோம் என்று கேட்கவும் இன்செர்ட் கீயைத்தான் அமுக்கிப் பிடிக்க வேண்டும். மூச்சுக்கு மூச்சு அது வேண்டும். யாரும் பாவிக்கிறதில்லை என்று நான் சொன்ன கீ!

அந்த மெல்லிசான மடிக்கணினியில் அந்தக் கீயே தனியாக இல்லை. இன்னொரு கீயோடு சேர்த்து வைத்திருந்தார்கள். மேலும் கீழும் போகிற அம்புக்குறிகள் தீக்குச்சி அளவில் ஒட்டிக்கொண்டு கிடந்தன. எழுத்துகள் எல்லாம் ஒரே தட்டையாக, விரலுக்கு எதுவும் தட்டுப்படாமல் இருந்தன. உள்ளங்கை வைக்கிற இடம் முழுக்கத் தொடுபலகை. கை பட்டால் போதும், குரல் எங்கேயோ ஓடிப்போய் வேறு எதையோ வாசித்தது.

"கண்டியில படிச்ச இடத்துல பழைய கம்பியூட்டர்ல நான் நல்லா வேகமா அடிப்பேன் மிஸ். இதுல பாதிகூட வரமாட்டேங்குது. ரெண்டு நாளா பழகிப் பார்த்தேன். சனிக்கிழமை பத்து மணிக்கு டெஸ்ட், வீட்டுல இருந்தே இதுல எழுதணும்."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா. வீட்டுக்காரர்கிட்டயாவது?"

அவர் விரல்களால் மேசை விளிம்பைத் தடவினார்.

"வீட்டுல பொட்டிய தொறந்தப்ப அவங்க குரல நீங்க கேக்கல மிஸ். பக்கத்து வீட்டு ஆளுங்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டுனாங்க. என்னா கலரு, என்னா மினுக்குன்னு. அந்தக் குரல கெடுக்க எனக்கு மனசு வரல. இதுக்குப் பதிலா வேற குடுத்தீங்கன்னா, கம்பனியில மாத்தச் சொன்னாங்கன்னு ஏதாச்சும் சொல்லிக்கிறேன்."

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். பெட்டி உடைத்த பொருளை இந்தக் கடை திருப்பி எடுப்பதில்லை. அந்த விதி பில்லின் அடியிலேயே அச்சடித்திருக்கிறது. பொருளில் ஒரு குறையும் இல்லை. ஹாஜியார் உள்ளே இருக்கிறார். நான் நினைத்திருந்தால், "கொஞ்ச நாள்ல பழகிருமம்மா" என்று அனுப்பியிருக்கலாம். அவர் எதிர்த்துப் பேசுகிற ஆள் இல்லை, சிரித்துக்கொண்டே போயிருப்பார். இல்லாவிட்டால், தொடுபலகை வேலை செய்யவில்லை என்று ஒரு பொய்யை எழுதி விற்பனை முகவருக்கே திருப்பி அனுப்பியிருக்கலாம். அப்படிச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்த யோசனை எனக்கும் வந்தது. வந்ததை மறைக்க மாட்டேன்.

எழுந்து ஹாஜியாரிடம் போனேன். விஷயத்தைச் சொன்னேன்.

"சாமான்ல பழுது இருக்கா?" என்று கேட்டார்.

"சாமான்ல பழுது இல்ல ஹாஜியார். நான் சொன்னதுலதான் பழுது. அந்தப் புள்ள சரியான கேள்வி கேட்டுச்சு. நான் தெரியாத விஷயத்துக்குத் தெரிஞ்ச மாதிரி பதில் சொன்னேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபம் வந்தால் அப்படித்தான் செய்வார்.

"ஒடச்ச பெட்டிய எடுக்கத் தொடங்கினா ஒரு முடிவு இருக்காது மல்லிகா."

"தெரியும். இது ஒண்டு மட்டும். என் தப்பு."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெளியே கோகிலாவைப் பார்த்தார். அவர் நாற்காலியில் நேராக உட்கார்ந்து துணிப்பையை மடியில் மடித்து வைத்துக்கொண்டிருந்தார்.

"சரி, மாத்திக் குடுங்க. ஆனா பில் புருஷன் பேர்ல இருக்கு. அவர் வந்து கையெழுத்துப் போடணும். புருஷனுக்குத் தெரியாம பொண்டாட்டிக்குச் சாமான் மாத்திக் குடுக்கிற வேலையெல்லாம் எனக்கு ஏலாது."

நான் வந்து சொன்னதும் கோகிலாவின் முகம் சுருங்கியது. பிறகு அவரே போனை எடுத்து சிவலிங்கத்தை அழைத்தார். "மாத்தளைக் கடையில இருக்கேன். கொஞ்சம் வர முடியுமா?" அவ்வளவுதான் சொன்னார். அவர் வருவதற்கு ஒரு மணி நேரமாவது ஆகும்.

அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றித்தான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும். அன்றைக்குத்தான் நான் வியாபாரம் படித்தேன். நான் வாயை மூடிக்கொண்டேன். கடையில் இருந்த மடிக்கணினிகளை ஒவ்வொன்றாக அவர் முன்னால் வைத்தேன். பெயர் சொல்லவில்லை, விலை சொல்லவில்லை. அவர் இரண்டு கையையும் வைத்துத் தட்டிப் பார்த்தார்.

"இது கஞ்சிக்குள்ள விரல விட்ட மாதிரி இருக்கு."

"இதுல நம்பர் தனியா இல்ல."

"இது நல்லாத்தான் இருக்கு, ஆனா ஹெட்ஃபோன் மாட்டுற ஓட்டை வலது பக்கம். வயர் கையில சிக்கும்."

மேல் தட்டு முடிந்தது, நடுத்தட்டு முடிந்தது. பிறகு யாரும் கேட்காமல் கீழ்த்தட்டில் கிடந்த ஒன்றை எடுத்தேன். அலுவலகங்களுக்கென்று செய்த மாதிரி. கறுப்பு, தடித்தது, கனம். திரை சுமாரிலும் சுமார். அதை வாங்கச் சொல்லி எவருக்கும் நான் சிபாரிசு செய்ததே இல்லை. கோகிலா கையை வைத்தார். விரல்கள் ஓரத்துக்கு ஓடின. இன்செர்ட் தனியாக இருந்தது. அம்புக்குறிகள் மற்ற கீகளிலிருந்து விலகி, கீழே இறங்கி இருந்தன. வலது பக்கம் எண்கள் வரிசையாக. தட்டும்போது ஒவ்வொன்றும் டக் டக்கென்று பதில் சொன்னது. அவர் சத்தமாகச் சிரித்தார். செவ்வாய்க்கிழமை கேட்ட சிரிப்பு அல்ல இது.

"இதான் மிஸ்!"

ஒரு குறை இருந்தது. போட்டால் எழும்ப வெகு நேரம் எடுத்தது. "பரவாயில்ல, ரெண்டு நிமிஷம்தானே," என்றேன். பழைய புத்தி போகவில்லை பாருங்கள்.

"உங்களுக்குத் திரையில வட்டம் சுத்துறது தெரியும் மிஸ். எனக்குக் குரல் வர்ற வரைக்கும் அது முழிச்சிருக்கா, தூங்குதான்னே தெரியாது," என்றார்.

உள்ளே இருந்த பழைய வன்தட்டைக் கழற்றிவிட்டு வேகமான எஸ்எஸ்டி ஒன்றைப் போடச் சொன்னேன். பின்னால் இருக்கும் திருத்தும் அறையில் அரை மணி நேரத்தில் முடித்தார்கள். கோகிலா தன் வாசிக்கும் மென்பொருளை அதில் போட்டுக்கொண்டார். அதையும் சேர்த்தாலும் வெள்ளிக் கணினியைவிட விலை நன்றாகக் குறைந்தது. மிச்சத்தில் காதை உறுத்தாத ஹெட்ஃபோன் ஒன்றும், புதுப் பற்றரி ஒன்றும் சேர்த்துக் கொடுக்க முடிந்தது. அந்தப் பாதையில் மழை பெய்தால் கரண்ட் நிற்காது என்பது எனக்குத் தெரியும், நானும் அந்தப் பக்கத்துக்காரிதானே.

சிவலிங்கம் வந்தார். படியேறும்போது சிரித்துக்கொண்டுதான் வந்தார். மேசையில் வெள்ளிக் கணினியைக் கண்டதும் நின்றார்.

"என்னா, ஒடஞ்சிருச்சா?"

"ஒடையல," என்றார் கோகிலா. "எனக்கு அதுல எழுத வரல. மாத்த வந்தேன்."

"தனியாவா வந்த? பஸ்லயா?" அவர் குரல் இறங்கிவிட்டது. "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே புள்ள."

சிவலிங்கம் பக்கத்தில் இருந்த கறுப்புக் கணினியைத் தூக்கிப் பார்த்தார், புரட்டிப் பார்த்தார். "இது இரும்புப் பொட்டி மாதிரி இருக்கு மிஸ். விலை கொறஞ்சதக் குடுத்து அனுப்பப் பாக்குறீங்களா? எங்களுக்குக் காசு பிரச்சின இல்ல."

எனக்கு நாக்கு நுனியில் பத்து விளக்கம் வந்தது. விழுங்கிக்கொண்டேன். கோகிலாதான் பேசினார்.

"கண்ண மூடுங்க."

"என்னா?"

"சும்மா மூடுங்க. மூடிக்கிட்டு இந்த வெள்ளியில மேல போற அம்புக்குறியத் தட்டுங்க."

அவர் கூச்சத்தோடு சுற்றிப் பார்த்துவிட்டு, கண்ணை மூடி விரலை நீட்டினார். ஒன்றைத் தட்டினார். குரல் வேறெதையோ சொன்னது. இன்னொன்று, அதுவும் தப்பு. உள்ளங்கை பட்டுக் குரல் எங்கேயோ ஓடியது. அவருக்கு வேர்த்தது. "இருங்க, இருங்க, வந்துட்டேன்," என்று ஒரு மூலைக் கீயை அழுத்தினார். குரல் நின்றுபோனது. கணினியையே அணைத்துவிட்டார்!

கடையில் நின்ற இரண்டு மூன்று வாடிக்கையாளர்கள் சிரித்துவிட்டார்கள். அவரும் சிரித்தார், கண்ணைத் திறக்காமலே.

கோகிலா அவர் கையைப் பிடித்துக் கறுப்புக் கணினியின் மேல் வைத்தார். "இப்ப இதுல."

விரல் ஓரமாக இறங்கியது, இடைவெளியைக் கண்டுபிடித்தது, தட்டியது. "மேல் அம்புக்குறி," என்றது குரல். முதல் தடவையிலேயே.

சிவலிங்கம் கண்ணைத் திறக்கவில்லை. இன்னும் இரண்டு மூன்று தடவை அதே கீயைத் தட்டினார்.

"ரெண்டு நாளா இப்படித்தான் கஷ்டப்பட்டியா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"நீங்க எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டுனீங்க. அதனால சொல்லல."

"அட லூசு," என்று கண்ணைத் திறந்தார். "நான் காட்டுனது லெப்டொப்ப இல்ல. எம் பொண்டாட்டிக்கு வேல வரப்போகுதுன்னு காட்டுனேன்." பிறகு என்னைப் பார்த்துத் திரும்பினார். "மிஸ், அந்த இரும்புப் பொட்டியவே குடுங்க. எங்க கையெழுத்துப் போடணும்?"

இதற்குள் ஹாஜியார் எழுந்து வந்திருந்தார். "ஒதுங்குங்க, நானும் பாக்கிறன்," என்று கண்ணை மூடிக்கொண்டு வெள்ளிக் கணினியை மறுபடி போட்டுத் தட்டினார். அவரும் அணைத்தார். அப்புறம் வாடிக்கையாளர்கள் வரிசையாக வந்தார்கள். தன் மகளுக்கு ஏதோ வாங்க வந்த ஒரு வங்கி உத்தியோகத்தர் டையைக் கழற்றிக் கண்ணைக் கட்டிக்கொண்டார். கோகிலா நடுவில் நின்று, "தப்பு, தப்பு, இன்னும் கொஞ்சம் கீழ," என்று நடுவர் வேலை பார்த்தார். அன்று காலை முழுக்கக் கடையில் ஒரு வியாபாரமும் நடக்கவில்லை. ஹாஜியார் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சனிக்கிழமை எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பத்து மணியானதும் மேலே ரிவர்ஸ்டன் பக்கம் பார்த்தேன். மேகம் கறுத்துக் கிடந்தது. பதினொரு மணிக்கு அந்தப் பக்கம் கரண்ட் போய்விட்டது என்று பஸ்ஸில் வந்த ஒருவர் சொன்னார். நான் ஒரு பிரிண்டரைத் தலைகீழாகப் பெட்டிக்குள் வைத்தேன். ஒரு மணிக்குப் போன் வந்தது.

"முடிச்சிட்டேன் மிஸ்! எல்லாத்தையும் முடிச்சு, இன்னும் நேரம் மிச்சம் இருந்துச்சு."

"கரண்ட் போச்சாமே?"

"போச்சா? அப்படியா? எனக்கு எப்படித் தெரியும் மிஸ், என் பாட்டுக்கு அடிச்சிக்கிட்டு இருந்தேன். இவங்கதான் ஜன்னல்ல சிக்னலுக்கு வச்ச போனப் புடிச்சிக்கிட்டு முருகா முருகான்னு நின்னாங்களாம்." பின்னால் சிவலிங்கம் சிரிப்பது கேட்டது.

இரண்டு வாரத்தில் வேலை கிடைத்தது. அந்தச் செய்தியைக் கேட்டதும் ஹாஜியார் ஆள் அனுப்பி எல்லோருக்கும் ஃபலூடா வரவழைத்தார்.

அதற்குப் பிறகு நான் பேசுகிற விதமே மாறிப்போனது. முதலில் விலையைச் சொல்வதை விட்டேன். எங்கே வைத்து வேலை செய்வீர்கள், யார் கை படும், ஒரு நாளில் அதிக நேரம் அதில் என்ன செய்வீர்கள் என்று கேட்க ஆரம்பித்தேன். உக்குவளையிலிருந்து தினமும் ரயிலில் கண்டிக்குப் போகிற ஆசிரியைக்குப் பாரம் குறைந்ததுதான் பெரிது. கல்யாண வீட்டில் படம் பிடிக்கிறவருக்கு நான் அன்று விளக்கிய அந்தத் திரைதான் உயிர். அந்த வெள்ளிக் கணினியைக் கடைசியில் அவருக்குத்தான் விற்றேன், நடந்ததைச் சொல்லி, ஹாஜியாரிடம் கேட்டு விலையைக் கொஞ்சம் குறைத்து. அவர் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போனார். கெட்ட பொருள் என்று ஒன்றை நான் இந்தக் கடையில் அதிகம் பார்த்ததில்லை. இடம் மாறிப் போன பொருள்தான் நிறைய. தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். அதனால் ஒரு விற்பனையும் கெட்டுப்போவதில்லை.

இன்னும் ஒன்று நடந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த வருஷம் கோகிலா இரண்டு தோழிகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். கண்டியில் கூடப் படித்தவர்கள், அவர்களுக்கும் பார்வை இல்லை, அதே கம்பனியில் அவர்களுக்கும் வேலை கிடைத்திருந்தது. எனக்கு ஒரே பெருமை. நாற்காலி போட்டேன். வாயைத் திறக்காமல் கீழ்த்தட்டிலிருந்து தடித்த கறுப்புக் கணினிகளாக எடுத்து அடுக்கினேன். முதல் தோழி ஐந்து நிமிஷத்தில் தேர்ந்தெடுத்துவிட்டார். இரண்டாவது தோழி, சுபத்ரா என்று பெயர், ரோஜா நிறத்தில் சேலை, அதற்குப் பொருத்தமாக வளையல், காதணி எல்லாம். அவர் எல்லாவற்றையும் தட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றின் மேல் கையை வைத்துக்கொண்டு யோசித்தார்.

"கீயெல்லாம் நல்லா இருக்கா?" என்று கேட்டேன்.

"கீ நல்லா இருக்கு மிஸ். இது என்னா கலரு?"

"கறுப்பு."

"ஐயோ, கறுப்பா?" என்று கையை எடுத்துக்கொண்டார். "வேற கலர் இல்லையா?"

நான் முழித்தேன். நிறத்தைப் பற்றி இங்கே யாரும் கேட்க மாட்டார்கள் என்று நானே முடிவு செய்து வைத்திருந்தேன். அவருக்கு என் மௌனம் புரிந்துவிட்டது. சிரித்துக்கொண்டே சொன்னார்:

"எனக்குத் தெரியாட்டி என்னா மிஸ்? பார்க்கிறவங்களுக்குத் தெரியுமே!"

நான் நீல நிறத்தில் ஒன்று இருக்கிறதா என்று பார்க்க மேல்மாடிக்கு ஓடினேன்.